ஊசி இறங்கும் இடம்

செங்கோட்டைப் பக்கம் ஒரு பிள்ளை காலையில் எழுந்ததும் தலைவலி என்று அழுது, வாந்தி எடுத்து, பகல் ஏற ஏறத் தெளிந்துவிட்டால் வீட்டில் முதலில் பித்தம் என்பார்கள். இரண்டு மூன்று வாரம் போனால் கண்ணில் கோளாறு, கண்ணாடி போட வேண்டியிருக்கும் என்பார்கள். நடை தள்ளாடத் தொடங்கிய பிறகு, அல்லது ஒரு கண் மூக்கை நோக்கித் திரும்பிய பிறகுதான் ஸ்கேன் பேச்சு வரும். அதில் மூளைக்குள் கட்டி என்று எழுதி வந்துவிட்டால் இந்த ஊர்க்காரர்களுக்கு இரண்டு திசைகள். கிழக்கே தென்காசி தாண்டி பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரி. அங்கிருந்து மதுரை, வேலூர், சென்னை. மேற்கே புளியரை, ஆரியங்காவு, தென்மலை, மடத்தறை வழியாகத் திருவனந்தபுரம். 1956 நவம்பர் 1 வரை செங்கோட்டை மலைக்கு அந்தப் பக்கத்து ஆட்சியில்தான் இருந்தது. ஊர் சென்னை மாநிலத்தோடு சேர்ந்த பிறகும் நோய்நொடி என்றால் மலையேறும் பழக்கம் விடவில்லை. 1976இல் திருவனந்தபுரத்தில் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிலையத்தின் மருத்துவமனை தொடங்கியபின், மூளை, இதயம் என்றாலே ‘ஸ்ரீசித்திராவுக்குப் போங்க’ என்பது இங்கே வாடிக்கையான பேச்சாகிவிட்டது.

எந்தத் திசையில் போனாலும் பெற்றோர் கேட்கப்போகும் வாக்கியம் ஒன்று உண்டு: “பயாப்ஸி எடுத்துப் பார்த்தால்தான் உறுதியாகச் சொல்ல முடியும்.” அதற்கு அவர்கள் திருப்பிக் கேட்பதும் எப்போதும் ஒன்றுதான்: “ஸ்கேன்லயே கட்டி தெரியுதே டாக்டர், பிறகு எதுக்குப் பிள்ளை தலையைத் துளைக்கணும்?”

நியாயமான கேள்வி. அதற்குப் பதில் தேடப் போனால், பல விதப் படங்களை ஒன்றாகச் சேர்த்து, குழந்தையின் மூளையில் ஊசி போக வேண்டிய ஒரே புள்ளியைக் குறிக்கும் முறை பிறந்த கதை முழுவதையும் சொல்ல வேண்டியிருக்கும். அந்தக் கதையின் முக்கியமான ஒரு பகுதி வேலூரில் நடந்தது.

1980களில் சி.டி. ஸ்கேன் இந்தியாவுக்குள் பரவியபோது மருத்துவர்களுக்கு ஒரு புதிர் கிடைத்தது. வலிப்பு வந்த சிறுவர்களுக்கும் இளைஞர்களுக்கும் ஸ்கேன் எடுத்தால் மூளையின் மேற்புறத்தில் இரண்டு சென்டிமீட்டருக்குள் அடங்கும் ஒரு சின்ன வளையம், அல்லது ஒரு வெள்ளைப் புள்ளி. சுற்றிலும் வீக்கம். காசநோய் மலிந்த நாடு என்பதால் அதை மூளைக் காசநோய்க் கட்டி என்று எடுத்துக்கொண்டு மாதக்கணக்கில் காசநோய் மாத்திரை கொடுத்தார்கள். சில மாதம் கழித்து எடுத்த ஸ்கேனில் வளையம் காணாமல் போயிருக்கும். மருந்து வேலை செய்துவிட்டது என்று எல்லோரும் நிம்மதியானார்கள். ஆனால் மருந்து சாப்பிடாத சிலருக்கும் அது மறைந்துகொண்டிருந்தது.

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் மேத்யூ சாண்டி, வேதாந்தம் ராஜசேகர் முதலான நரம்பியல் அறுவை மருத்துவர்கள் இந்த நிம்மதியை நம்பவில்லை. அந்தத் துறைக்கு அப்படி ஒரு மரபு உண்டு. 1949இல் ஜேக்கப் சாண்டி அங்கே தொடங்கியதுதான் இந்தியாவின் முதல் நரம்பியல் அறுவைப் பிரிவு. அவர்கள் அந்தச் சின்ன வளையங்களையே எடுத்து நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார்கள். பெரும்பாலானவற்றில் காசநோய் இல்லை. செத்துக்கொண்டிருக்கும் ஒரு நாடாப்புழுவின் இளம்புழுப் பருவக் கூடு இருந்தது. அதைச் சுற்றி உடல் எழுப்பிய அழற்சிதான் வளையமாகத் தெரிந்தது. 1989இல் ‘லான்செட்’ இதழில் அவர்கள் இதைச் சொன்னார்கள். நாடெங்கும் எத்தனையோ பிள்ளைகள் தேவையில்லாமல் சாப்பிட்டுக்கொண்டிருந்த காசநோய் மருந்துகளைக் கேள்விக்கு உள்ளாக்கிய கண்டுபிடிப்பு அது. சதையை எடுத்துப் பார்த்துப் பழகியபின், எந்தெந்த அடையாளங்கள் இருந்தால் ஊசியே வேண்டாம், வலிப்பு மாத்திரை மட்டும் போதும் என்று வரையறையையும் அவர்களே வகுத்தார்கள்.

ஸ்கேன் தருவது நிழல்தான். அந்த நிழலுக்குச் சொந்தக்காரர் யார் என்று தெரிந்துகொள்ளக் கொஞ்சம் சதை வேண்டும். நம் நாட்டுப் பிள்ளையின் மூளையில் தெரியும் ஒரு வெள்ளைத் திட்டு புற்றாக இருக்கலாம், சீழாக இருக்கலாம், காசநோயாக இருக்கலாம், புழுவாக இருக்கலாம். நான்குக்கும் நான்கு வைத்தியம். பெற்றோரின் கேள்விக்கு முதல் பதில் இது.

இரண்டாவது பதில் சற்று நீளமானது. கொஞ்சம் சதை என்றால் எங்கிருந்து?

மூளைக்குள் பார்க்கவே வழியில்லாத காலம் ஒன்று இருந்தது. எக்ஸ்ரே மண்டையோட்டைக் காட்டும். உள்ளே இருப்பதெல்லாம் ஒரே சாம்பல். 1918இல் அமெரிக்காவின் பால்டிமோரில், ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் வால்டர் டாண்டி என்ற இளம் மருத்துவர் அதற்கு ஒரு வழி கண்டார். மூளையின் உள்ளறைகளில் இருக்கும் நீரைக் கொஞ்சம் எடுத்துவிட்டு அந்த இடத்தில் காற்றைச் செலுத்தினால் எக்ஸ்ரேயில் அறைகளின் உருவம் கறுப்பாகத் தெரியும். அறை ஒருபக்கமாகத் தள்ளப்பட்டிருந்தால் எதிர்ப்பக்கத்தில் ஏதோ தள்ளுகிறது என்று பொருள். டாண்டி இதை முதலில் செய்தது குழந்தைகளிடம். தலையில் நீர் கோத்த சிசுக்களின் உச்சிக்குழி மூடாமல் இருப்பதால் எலும்பைத் துளைக்காமல் ஊசி இறக்க முடிந்தது. மூளைப் படம் பிடிக்கும் கலையே குழந்தையின் உச்சிக்குழி வழியாகத்தான் பிறந்தது என்று சொல்லலாம். வேதனை மிகுந்த பிறப்பு. அடுத்த ஆண்டே டாண்டி முதுகுத்தண்டு வழியாகக் காற்றேற்றும் முறையையும் கொண்டுவந்தார். அது முடிந்தபின் நோயாளி நாள்கணக்கில் தலையைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுப்பது சாதாரணம். சி.டி. ஸ்கேன் வரும்வரை சுமார் அரை நூற்றாண்டு உலகம் இதையும் வைத்துத்தான் மூளைக்கட்டியைத் தேடியது.

தலைக்குள் ஒரு புள்ளியை மூன்று எண்களால் குறிப்பது வேறொரு கிளையாக வளர்ந்தது. 1908இல் லண்டனில் விக்டர் ஹார்ஸ்லியும் ராபர்ட் கிளார்க்கும் விலங்குகளின் தலையில் பொருத்தும் ஓர் உலோக ஃப்ரேமை விவரித்தார்கள். முன்பின் எவ்வளவு, இடவலம் எவ்வளவு, மேல்கீழ் எவ்வளவு என்று மூன்று அளவுகளைத் திருப்பி வைத்தால் ஊசியின் நுனி அந்த இடத்தில் நிற்கும். மனிதத் தலைக்கு அது வர இன்னும் நாற்பது ஆண்டுகள் ஆயின. மனிதர்களின் மண்டையும் மூளையும் ஆளுக்கு ஆள் மாறுவதால் எலும்பை மட்டும் வைத்துக் கணக்குப் போட முடியவில்லை. 1947இல் ஃபிலடெல்ஃபியாவில் ஸ்பீகலும் வைசிஸும் டாண்டியின் காற்றுப் படத்தை ஃப்ரேமோடு சேர்த்தார்கள். எலும்பை விட்டுவிட்டு, மூளையின் உள்ளறைகளை அடையாளமாக வைத்து அளந்தார்கள். படமும் ஃப்ரேமும் ஒன்றுசேர்ந்த முதல் நிகழ்ச்சி அது. ஸ்டீரியோடாக்டிக் அறுவை என்று இன்று சொல்லப்படுவது அங்கே தொடங்குகிறது. ஸ்வீடனில் லார்ஸ் லெக்ஸல் 1949இல் தம் ஃப்ரேமை வெளியிட்டார்; அதன் வழிவந்தவை இன்றும் மருத்துவமனைகளில் இருக்கின்றன.

சென்னைக்கு இந்தக் கலை சீக்கிரமே வந்தது. 1950இல் சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் நரம்பியல் அறுவையைத் தொடங்கிய பி.ராமமூர்த்தியும், அவரோடு வி.பாலசுப்பிரமணியம், எஸ்.கல்யாணராமன் ஆகியோரும் 1960களில் ஸ்டீரியோடாக்டிக் அறுவைகளைப் பெரிய அளவில் செய்தார்கள். பெரும்பாலும் நடுக்கவாதம், கட்டுக்கடங்காத உடல் அசைவு போன்ற நோய்களுக்கு. கட்டியிலிருந்து சதை எடுப்பது அப்போது அதன் முதன்மையான வேலையாக இருக்கவில்லை. காரணம் எளிது. காற்றுப் படம் உள்ளறைகளைத்தான் காட்டும். கட்டியை நேரில் காட்டாது. கண்ணுக்குத் தெரியாததை எப்படிக் குத்துவது?

கட்டி கண்ணுக்குத் தெரிந்த நாள் 1971 அக்டோபர் 1. லண்டன் விம்பிள்டனில் அட்கின்சன் மோர்லி மருத்துவமனையில், இ.எம்.ஐ. நிறுவனத்தின் பொறியாளர் காட்ஃப்ரே ஹவுன்ஸ்ஃபீல்டு உருவாக்கிய இயந்திரத்தில், கதிரியல் மருத்துவர் ஜேம்ஸ் ஆம்ப்ரோஸ் முதல் நோயாளியின் தலையைப் படம்பிடித்தார். முன்மூளையில் இருந்த கட்டி படத்தில் தெளிவாக நின்றது. இந்த இயந்திரத்துக்காக 1979இல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. ஹவுன்ஸ்ஃபீல்டோடு, கணக்கை முன்பே போட்டுவைத்திருந்த ஆலன் கார்மக்கும் அதைப் பகிர்ந்துகொண்டார்.

இனி படத்தில் தெரிவதைத் தலைக்கு வெளியே இருக்கும் ஃப்ரேமின் எண்களாக மாற்ற வேண்டும். அதைத் தீர்த்தவர் ஒரு மாணவர். 1978இல் அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படித்துக்கொண்டிருந்த ரஸ்ஸல் பிரவுன், ஃப்ரேமின் பக்கங்களில் ஆங்கில ‘என்’ எழுத்தின் வடிவில் கம்பிகளைப் பொருத்தினார். இரண்டு கம்பிகள் செங்குத்து, ஒன்று குறுக்கே சாய்வு. ஸ்கேன் தலையைக் கிடைமட்டமாக வெட்டும்போது மூன்று கம்பிகளும் மூன்று புள்ளிகளாகப் படத்தில் விழும். வெட்டு மேலே போகப் போக நடுப்புள்ளி ஒரு பக்கமாக நகரும். அந்த நடுப்புள்ளி எங்கே நிற்கிறது என்று பார்த்தால் வெட்டு எந்த உயரத்தில் விழுந்தது என்று தெரிந்துவிடும். மூன்று பக்கங்களில் இப்படி ஒன்பது புள்ளிகள் கிடைத்தால், படத்தில் எங்கே விரல் வைத்தாலும் அதற்குரிய மூன்று எண்களைக் கணக்கிட்டுவிடலாம். எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த இடம் இது. பெரிய இயந்திரம் ஒன்றும் இல்லை; சாய்வான ஒரு கம்பி.

அந்தக் கம்பி இன்னொரு கதவையும் திறந்தது. செங்கோட்டையின் பழைய திருவிதாங்கூர் சர்வே படமும் பிறகு அளந்த தமிழ்நாட்டுப் படமும் கையில் இருக்கிறது என்று வையுங்கள். இரண்டிலும் குறித்திருக்கும் ஒரே எல்லைக்கற்கள் நாலைந்து கிடைத்தால் ஒன்றின்மேல் ஒன்றைச் சரியாகப் பொருத்திவிடலாம். ஒரு படத்தில் கிணறு இருந்தால் மற்ற படத்தில் அது எந்த வயலில் விழுகிறது என்று சொல்லிவிடலாம். ஃப்ரேமின் கம்பிகள் அப்படிப்பட்ட எல்லைக்கற்கள். அவை சி.டி.யில் தெரிந்தால் சி.டி.யை அளக்கலாம். எம்.ஆர்.ஐ.யில் தெரியும்படி செய்தால் அதையும் அளக்கலாம். இரண்டையும் அதே எண்களில் பேசவைக்கலாம்.

வேலூர்க் குழுவினர் சி.டி.யையும் ஃப்ரேமையும் வைத்துக்கொண்டு, மூளைத்தண்டு வரைக்கும் போனார்கள். மூச்சு, விழுங்குதல், கண் அசைவு, முகத்தசை, கைகால் என்று எல்லாவற்றின் நரம்புகளும் நெருக்கியடித்துப் போகும் இடம் அது. சாண்டியும் ராஜசேகரும் 71 நோயாளிகளின் மூளைத்தண்டுக் கட்டிகளில் இப்படிச் செய்த அனுபவத்தை 1995இல் ‘ஜர்னல் ஆஃப் நியூரோசர்ஜரி’யில் எழுதினார்கள். ஆபத்தையும் பலனையும் தராசில் வைத்து எடைபோட்ட கட்டுரை. புற்று என்று நினைத்தவற்றில் சில புற்றே அல்ல என்று அங்கேயும் தெரிந்தது.

இதே ஆண்டுகளில் மேலை நாடுகளில் காற்று எதிர்த்திசையில் வீசிக்கொண்டிருந்தது. எம்.ஆர்.ஐ. படம் சி.டி.யைவிடப் பல மடங்கு துல்லியமாக மூளைத்தண்டைக் காட்டியது. குழந்தைகளுக்கு வரும் கொடிய மூளைத்தண்டுப் பரவல் கட்டி எம்.ஆர்.ஐ.யில் பார்த்தவுடன் தெரிகிறது, ஆகவே பயாப்ஸி வேண்டாம் என்று அமெரிக்கக் குழந்தைப் புற்றுநோய்க் குழுவின் சார்பில் லேலண்ட் ஆல்பிரைட்டும் உடன்பணியாற்றியவர்களும் 1993இல் எழுதினார்கள். அன்றைக்கு அது கருணையுள்ள முடிவு. சதையில் என்ன இருந்தாலும் கதிர்வீச்சைத் தவிர வேறு வைத்தியம் இல்லாதபோது எதற்குத் துளைக்க வேண்டும்? ஆனால் அந்தக் கருணைக்கு ஒரு விலை இருந்தது. ஏறத்தாழ இருபது ஆண்டுகள் அந்தக் கட்டியின் உயிருள்ள சதை ஆய்வகங்களுக்குக் கிடைக்கவில்லை. எதனால் வருகிறது என்று தெரியாமலே பிள்ளைகள் ஓர் ஆண்டுக்குள் இறந்துகொண்டிருந்தார்கள்.

இப்போது பிரஸ்ஸல்ஸுக்குப் போக வேண்டும்.

எம்.ஆர்.ஐ. எவ்வளவு துல்லியமாக இருந்தாலும் அது காட்டுவது உருவத்தை. எல்லை மங்கிப் பரவிய ஒரு கட்டி, படத்தில் ஒரே வெண்மையாகத் தெரியும். உள்ளே அது ஒரே மாதிரி இருக்காது. ஒரு மூலையில் வெறும் வீக்கம், ஒரு மூலையில் மெதுவாக வளரும் செல்கள், இன்னொரு மூலையில் வெறிபிடித்துப் பெருகும் செல்கள். பயாப்ஸி ஊசி கொண்டுவருவது ஒரு சென்டிமீட்டர் நீளமும் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் தடிமனும் உள்ள ஒரு துண்டு. அது வீக்கத்திலிருந்து வந்தால் ‘நோய் தெரியவில்லை’ என்று ரிப்போர்ட் வரும். மெதுவான பகுதியிலிருந்து வந்தால் அதைவிடக் கெடுதல்: சாதுவான கட்டி என்று எழுதி வரும், வைத்தியமும் சாதுவாக இருந்துவிடும். ‘சாயம் ஏற்றி’ எடுக்கும் ஸ்கேனில் பளிச்சிடும் இடத்தைக் குத்தலாமே என்றால், சாயம் காட்டுவது ரத்தக்குழாய்ச் சுவர் கசிந்த இடத்தை. குழந்தைகளின் பரவல் கட்டிகள் பலவற்றில் கசிவே இருக்காது.

செல் எங்கே பசியோடு இருக்கிறது என்று காட்டும் படம் தேவைப்பட்டது. அதுதான் பெட் ஸ்கேன். கதிரியக்கம் ஏற்றிய சர்க்கரையை உடலில் செலுத்தினால் எந்தத் திசு அதிகம் தின்கிறதோ அங்கே அது சேரும். அங்கிருந்து எதிரெதிர்த் திசையில் ஒரே கணத்தில் கிளம்பும் இரண்டு கதிர்களைக் கருவி பிடித்துக்கொள்ளும். இந்தச் சர்க்கரையின் பெயர் எஃப்.டி.ஜி. நியூயார்க் அருகே ப்ரூக்ஹேவன் ஆய்வகத்தில் டட்சுவோ இடோ, ஆல்ஃபிரட் வுல்ஃப், ஜோவன்னா ஃபவுலர் முதலியோர் அதைத் தயாரித்தார்கள். அதிலிருக்கும் ஃப்ளூரின்-18 ஒவ்வொரு 110 நிமிடத்துக்கும் பாதியாகக் குறைந்துவிடும். ஆகவே 1976 ஆகஸ்டில் முதன்முதலாக மனிதருக்குச் செலுத்த, அதை விமானத்தில் ஏற்றி ஃபிலடெல்ஃபியாவுக்குக் கொண்டுபோனார்கள். 1982இல் ஜியோவன்னி டி கிரோவின் குழு, மூளைக்கட்டி எவ்வளவு கொடியதோ அவ்வளவு சர்க்கரை தின்கிறது என்று காட்டியது.

பெட் படத்தில் ஒரு குறை. அது மங்கல். எங்கே பசி என்று சொல்லும். அந்த இடத்துக்கு எந்த வழியாகப் போவது, வழியில் ரத்தக்குழாய் இருக்கிறதா என்று சொல்லாது. பிரஸ்ஸல்ஸில் எராஸ்ம் மருத்துவமனையில் மார்க் லெவிவியே, செர்ஜ் கோல்ட்மன், பெனுவா பிரோத், ஜாக் ப்ரோச்சி ஆகியோர் இந்தப் படத்தையும் உருவத்தைக் காட்டும் படத்தையும் ஒரே ஃப்ரேமின் எண்களுக்குள் கொண்டுவந்தார்கள். ஃப்ரேமைத் தலையில் பொருத்தியபடியே பெட் ஸ்கேனும் எடுத்தார்கள். முதலில் சி.டி.யோடு சேர்த்தார்கள். 1995இல் 43 நோயாளிகளின் அனுபவத்தை வெளியிட்டபோது, விடை கிடைக்காமல் போன ஊசிப்பாதைகள் எல்லாமே சி.டி.யை மட்டும் நம்பிக் குறித்தவை, பெட் காட்டிய இடத்தில் இறங்கிய ஊசி எதுவும் வெறுங்கையோடு திரும்பவில்லை என்று கண்டார்கள்.

சர்க்கரையிலும் சிக்கல் இருந்தது. மூளையின் மேற்பட்டை தன் இயல்பான வேலைக்கே ஏராளமாகச் சர்க்கரை தின்னும். அதன் அருகில் இருக்கும் கட்டி அந்த வெளிச்சத்தில் மறைந்துபோகும். ஆகவே கார்பன்-11 ஏற்றிய மெத்தியோனின் என்ற அமினோ அமிலத்தைப் பயன்படுத்தினார்கள். நல்ல மூளை அதை அவ்வளவாக எடுத்துக்கொள்ளாது, கட்டி எடுத்துக்கொள்ளும். ஆனால் கார்பன்-11 இருபது நிமிடத்தில் பாதியாகிவிடும். அதைத் தயாரிக்கும் சைக்ளோட்ரான் அதே வளாகத்தில் இருந்தால்தான் நடக்கும் காரியம். எராஸ்மில் இருந்தது.

2003இல் இந்தக் குழு குழந்தைகளைப் பற்றி எழுதியது. குழந்தைகளுக்கு ஸ்டீரியோடாக்டிக் மூளை பயாப்ஸி திட்டமிட பெட்டையும் எம்.ஆர்.ஐ.யையும் சேர்த்துப் பயன்படுத்திய அனுபவம். மொத்தம் 9 பிள்ளைகள். எண்ணிக்கை சிறியது. ஆனால் இந்த முறை குழந்தைகளுக்கென்று பிறந்த இடம் என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமானால் நான் அந்த ஒன்பது பேரைத்தான் சொல்வேன். பெரியவர்களிடம் செய்ததை அப்படியே குழந்தையிடம் செய்துவிட முடியாது. மண்டையோடு மெல்லியது, ஃப்ரேமின் திருகுகளை அளந்து இறுக்க வேண்டும். அசையாமல் படுக்கச் சொல்ல முடியாது. ஸ்கேன் முழுவதற்கும் மயக்க மருந்து வேண்டும். கதிரியக்க அளவு குறைவாக இருக்க வேண்டும். எல்லாவற்றையும்விட, இன்னொரு முறை குத்திப் பார்த்துக்கொள்ளலாம் என்ற சலுகை அங்கே கிடையாது. மூளைத்தண்டில் ஒவ்வொரு கூடுதல் குத்தும் கண் கோணலாகவோ முகம் இழுத்துக்கொள்வதாகவோ முடியலாம். குத்துவது ஒரு முறை என்றால் அந்த ஒன்று சரியான இடத்தில் இருக்க வேண்டும். 2007இல் அதே குழு குழந்தைகளின் மூளைத்தண்டுக் கட்டிகளுக்கும் இந்த வழியைப் பயன்படுத்தி, பயாப்ஸி வேண்டாம் என்ற முடிவை மறுபரிசீலனை செய்யச் சொன்னது. பாரிஸின் நெக்கர் குழந்தைகள் மருத்துவமனையும் அதே ஆண்டு, மூளைத்தண்டில் பயாப்ஸியைப் பாதுகாப்பாகச் செய்யலாம் என்று எழுதியது.

ஃப்ரேமோடு ஸ்கேன் எடுக்கும் கட்டாயத்தையும் பிறகு கணினி தளர்த்தியது. 1990களின் நடுவில் பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழகத்தில் ஒரு குழுவும் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஒரு குழுவும், எல்லைக்கல் எதுவும் இல்லாமலே இரண்டு படங்களின் ஒளிநிழலை ஒப்பிட்டுப் பொருத்தும் கணக்கு முறையைத் தனித்தனியே கண்டுபிடித்தன. நேற்று ஓர் ஊரில் எடுத்த எம்.ஆர்.ஐ.யும் இன்று இன்னோர் ஊரில் எடுத்த சி.டி.யும் சில நிமிடங்களில் ஒன்றாகிவிடுவது இதனால்தான். அறுவைக்கூடத்தில் இதைச் சாதாரணமாக ‘ஃப்யூஷன்’ என்கிறார்கள்.

சதை கிடைக்கத் தொடங்கியதும் நடந்ததைப் பாருங்கள். 2012இல் இரண்டு ஆய்வுக்குழுக்கள், அந்தக் கொடிய மூளைத்தண்டுக் கட்டிகளில் பெரும்பாலானவற்றில் ஒரே மரபணுப் பிழை இருப்பதைக் கண்டன. ஹிஸ்டோன் என்ற புரதத்தின் 27ஆம் இடத்தில் லைசின் இருக்க வேண்டியதற்குப் பதில் மெத்தியோனின். 2016இல் உலக சுகாதார நிறுவனம் அந்தப் பிழையின் பெயராலேயே இந்த நோயை வகைப்படுத்தியது. 2023இல், பி.ராஃப் என்ற மரபணுவில் வேறொரு பிழை உள்ள மெதுவான மூளைக்கட்டிகளுக்கு இரண்டு மருந்துகள் சேர்ந்த வைத்தியத்தை ஒரு வயது முதலான குழந்தைகளுக்கு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அனுமதித்தது. 2025 ஆகஸ்டில், ஹிஸ்டோன் பிழை உள்ள கட்டி மீண்டும் வளரும்போது கொடுக்க டோர்டாவிப்ரோன் என்ற மருந்துக்கு அதே அமைப்பு விரைவு அனுமதி தந்தது. இது நோயைத் தீர்க்கும் மருந்து அல்ல. ஆனால் 1993இல் “தெரிந்து என்ன செய்யப்போகிறோம்?” என்று கேட்டதற்கு முதல் சில பதில்கள் வந்துவிட்டன. இவை எதுவும் ஸ்கேனை மட்டும் பார்த்துக் கிடைத்தவை அல்ல.

இனி நம் ஊர். இந்தியாவின் முதல் மருத்துவ சைக்ளோட்ரான் 2002இல் மும்பையில் இயங்கத் தொடங்கியது. பிறகு பல நகரங்களுக்குப் பெட் ஸ்கேன் வந்துவிட்டது. திருவனந்தபுரத்திலிருந்து மலைப்பாதையில் செங்கோட்டைக்கு மூன்று மணி நேரம் என்று வைத்தால், வண்டியில் ஏற்றிய எஃப்.டி.ஜி.யில் மூன்றில் ஒரு பங்குதான் இங்கே வந்து சேரும். கார்பன்-11 மெத்தியோனின் தென்மலையைத் தாண்டும் முன்பே தீர்ந்ததற்குச் சமம். ஆகவே இந்த வைத்தியத்துக்கு நாம்தான் நகரத்துக்குப் போக வேண்டும்.

பெட் இல்லாவிட்டால் பயாப்ஸி கூடாது என்று யாரும் நினைக்க வேண்டாம். வேலூரின் 71 பேர் சி.டி.யும் ஃப்ரேமும் மட்டுமே துணையாக பயாப்ஸி செய்யப்பட்டவர்கள். எம்.ஆர்.ஐ.யிலேயே ரத்த ஓட்டத்தையும் வேதிப்பொருள்களையும் அளக்கும் முறைகள் இருக்கின்றன. கட்டியின் வீரியமான மூலையைக் குறிக்க அவை பெருமளவு உதவும். பெரும்பாலான பிள்ளைகளுக்கு நல்ல எம்.ஆர்.ஐ.யும் சி.டி.யும் சேர்ந்தால் போதும் என்பது என் கருத்து. எல்லை மங்கிப் பரவியதும், எங்கே குத்துவதென்று மருத்துவருக்கே ஐயம் உள்ளதுமான கட்டிகளுக்குத்தான் பெட் இன்றியமையாதது. நம் நாட்டில் இன்னொன்றையும் மறக்கக் கூடாது. காசநோய்க் கட்டியும் சர்க்கரையை ஆவலாகத் தின்னும். பெட்டில் சிவப்பாக எரிகிறது என்பதற்காக அது புற்று என்று முடிவுகட்டிவிட முடியாது. ஊசிக்கு வழி சொல்வதோடு அந்தப் படத்தின் வேலை முடிந்தது. தீர்ப்புச் சொல்வது நுண்ணோக்கி.

குத்தினால் கட்டி பரவிவிடும் என்று அஞ்சிப் பிள்ளையைத் திருப்பி அழைத்துக்கொண்டு வருபவர்கள் உண்டு. மூளைக்கட்டியில் ஊசிப்பாதை வழியாக நோய் பரவுவது மிக மிக அரிது. உள்ளே ரத்தம் கசிவதுதான் உண்மையான ஆபத்து. அதைக் குறைக்கத்தான் இத்தனை படங்களும். “கட்டியின் எந்தப் பகுதியிலிருந்து எடுக்கப்போகிறீர்கள், எதைப் பார்த்து அந்த இடத்தை முடிவு செய்தீர்கள்?” என்று மருத்துவரிடம் கேளுங்கள். திரையில் காட்டிச் சொல்வார்கள்.

முக்கியமாக ஒரு வேண்டுகோள். தென்காசியிலோ திருநெல்வேலியிலோ ஸ்கேன் எடுத்தால் பெரிய உறையில் ஃபிலிமையும் ரிப்போர்ட்டையும் மட்டும் வாங்கிக்கொண்டு கிளம்பிவிடாதீர்கள். ஃபிலிமை வைத்துப் படங்களைச் சேர்க்க முடியாது. ஸ்கேனின் முழுப் பதிவையும் ‘டைகாம்’ வடிவில் குறுந்தகட்டிலோ பென்டிரைவிலோ கேட்டு வாங்குங்கள். அது கையில் இருந்தால் திருவனந்தபுரத்திலோ வேலூரிலோ அதன்மேலேயே அடுத்த படத்தைப் பொருத்திப் பார்ப்பார்கள். பிள்ளைக்கு இன்னொரு மயக்க மருந்தும் இன்னொரு ஸ்கேனும் மிச்சமாகக்கூடும்.